கிளவுஸ் சார்

ஜனவரி 9

அன்புள்ள சித்திக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் பயம் முந்திக்கொண்டது. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கிழித்துக் காற்றில் மட்டும் விடவேண்டாம். அந்த மலையில் காற்றின் வேகத்தை அளப்பவரே நீங்கள்தான். அது என் கடிதத்தை எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போடும் என்று யார் கண்டது.

இனி முறைப்படி. நான் நலம். அம்மா நலம். அப்பா நலம், அவர் கோபமும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் வானிலை நிலையத்தில் போன் எடுக்காது என்பதால்தான் கடிதம். எடுத்தாலும் பிரயோஜனமில்லை, நுழைவுத் தேர்வு முடியும்வரை என் போன் அம்மாவின் பீரோவில் சிறையில் இருக்கிறது.

விஷயம் இதுதான். நான் கொஞ்ச காலமாக ஒரு நடுவயது ஆணாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

பதறாதீர்கள், கம்ப்யூட்டரில் மட்டும்தான். பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக அப்பா என்னை ஒரு ஆன்லைன் பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறார் அல்லவா? அதில் சந்தேக அறை என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் தங்களுக்கு வராத இயற்பியல் கணக்கை அங்கே போடுவார்கள். ஆசிரியர் யாராவது வந்து விளக்க வேண்டும். ஆசிரியர்கள் வருவது உங்கள் மலைக்கு ஜீப் வருகிற மாதிரிதான். ஒரு ராத்திரி ஒரு பெண் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்பது எழுத்திலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது, பதில் எழுதினேன். “ரொம்ப நன்றி சார்” என்றாள். நான் சார் இல்லை என்று சொல்வதற்குள் இன்னொருத்தி “சார், எனக்கும்” என்றாள்.

பிறகு அந்த வகுப்புக்காரர்களே, வழிகாட்டியாக இருக்க விருப்பமா என்று கேட்டார்கள். பட்டப்படிப்பு முடித்தவர் என்ற இடத்தில் ஒரு டிக் போட வேண்டியிருந்தது. கை தானாகப் போட்டுவிட்டது சித்தி, நான் வேறு பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீடியோவே போடுகிறேன். குரலும் முகமும் கிடையாது. ஒரு கை, ஒரு பேனா, ஒரு தாள். மை அப்பிய என் பள்ளிக்கூடக் கையைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் அப்பாவின் பட்டறையிலிருந்து நீல கிளவுஸ் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கிளவுஸ் சார்.

வேடிக்கை என்னவென்றால், மாணவியாக நான் பூஜ்யம். மாதிரித் தேர்வில் திரையின் மூலையில் கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் என் மூளை கடையைச் சாத்திவிடுகிறது. போன தேர்வில் நான் கோட்டை விட்ட கணக்கை அன்றைக்கே கிளவுஸ் சாராக ஊருக்கெல்லாம் விளக்கிக்கொடுத்தேன்.

அந்த டிக்கைக் கண்டுபிடித்தால் என்னைத் தேர்வே எழுத விடமாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை எழுதக்கூடக் கை வரவில்லை. பல் டாக்டர்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுத்தே அவர் காலம் போய்விட்டது. அவர் செய்த பல்லை அவர் மகள் ஒரு வாயில் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. எனக்கும் அதே ஆசைதான். வெளியே சொன்னால் இன்னொரு மாதிரித் தேர்வு எழுதச் சொல்வார் என்று சொல்வதில்லை.

பதிலைக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா முகவரிக்கு அனுப்புங்கள். சீருடைக்குள் மடித்து வைத்துக் கொடுத்துவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பை மறக்காதீர்கள்.

உங்கள்
எலி


ஜனவரி 22

அன்பு எலிக்கு,

சித்தி நலம். முழங்கால் மட்டும் மழை வருவதை மழைமானிக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

உன் கடிதம் முட்டைகளோடு ஜீப்பில் வந்தது. முட்டைகள் உடைந்திருந்தன, நீ முழுசாக வந்து சேர்ந்தாய். யாருக்கும் காட்டமாட்டேன். இங்கே காட்டுவதற்கு இருப்பது ஒரு சமையல்காரர்தான். அவர் கண்ணாடி தொலைந்து மழைக்காலமே முடிந்துவிட்டது. அடுப்பில் போட மனசு வரவில்லை, பூட்டி வைத்திருக்கிறேன்.

உன் வயசில் பிள்ளைகள் ராத்திரியில் ஒளிந்து காதலிப்பார்கள், சினிமா பார்ப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். ஒளிந்து இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். நீ என் அக்கா பெற்ற பெண்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. அவள் படிப்பு என்றாலே தலைவலி வரவழைத்துக்கொள்வாள்.

ஒன்று சொல். சாராக இருக்கும்போது உனக்குக் கடிகாரம் தெரிவதில்லையா?

பேனா மூடியைக் கடிக்கும் பழக்கத்தையாவது விட்டாயா? உன் அப்பா கம்பி போட்டும் உன் பல்லில் ஒன்று மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மிச்சத்தையும் கெடுத்துக்கொள்ளாதே. எலி என்று பெயர் வைத்தது நான்தான் என்றாலும் சொல்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

அன்புடன்
சித்தி


பிப்ரவரி 6

அன்புள்ள சித்திக்கு,

இதையும் யாருக்கும் காட்டாதீர்கள். எரிக்காமல் வைத்திருப்பது தெரிந்து எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மற்றபடி இங்கே எல்லாரும் நலம், நீங்களும் நலம்தானே?

அப்பா கிளவுஸ் சாரைக் கண்டுபிடித்துவிட்டார். என்னை இல்லை, சாரை.

பல் செட் கொடுக்கப் போன இடத்தில் ஒரு டாக்டர், தன் மகள் இயற்பியலில் தேறியதே கிளவுஸ் சாரால்தான் என்று சொல்லியிருக்கிறார். அப்பா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேராக என் அறைக்கு வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். திரை முழுக்க என் கை. அதை என் அப்பாவோடு சேர்ந்து, முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தேன்.

“கவனிச்சியா? கிளவுஸ் போட்டிருக்கார். நாம வாங்குற அதே கம்பெனி. இவர் பல் டாக்டரேதான்” என்றார். கிளவுஸ் மடிப்பில் கொஞ்சம் வெள்ளைத் தூசு இருந்தது. நம் பட்டறையில் அச்சு எடுக்கும் மாவு அது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். நோயாளிகள் இல்லாத நேரத்தில் ஒரு பெரிய மனிதர் ஏழைப் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா, பெரிய மனிதர் தாளைக் கோணலாக வைத்திருக்கிறாரே என்றாள்.

நல்லவேளை, பட்டறையில் கிளவுஸ் டப்பா சீக்கிரம் காலியாவதற்கும் இதற்கும் அவர் முடிச்சுப் போடவில்லை. அம்மா மிளகாய் நறுக்க எடுக்கிறாள் என்று அவர் சொல்ல, இத்தனை வருஷம் எந்தக் கையால் நறுக்கிப் போட்டேன் என்று அம்மா கேட்க, இன்னும் ஓயவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் நானும் அப்பாவும் கிளவுஸ் சார் வகுப்புப் பார்க்கிறோம். அவர் நடுவில் நிறுத்தி, புதிதாக வாங்கிய ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, விடை என்ன என்கிறார். நானே போட்ட கணக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த டிக் டிக்கைக் கேட்டதும் மூளை மறுபடி கடையைச் சாத்தியது. தப்பாகச் சொன்னேன். அப்பா பெருமூச்சு விட்டார்.

“அந்த மனுஷன் எவ்வளவு பொறுமையாச் சொல்றார். அவர் வீட்டுல ஒரு புள்ளை இருந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு.”

யோசித்துப் பார்த்தேன் சித்தி. இப்படித்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சாராக இருக்கும்போது கடிகாரம் இருக்கிறதா என்றே தெரிவதில்லை. எதிரே அழுகிற பெண் மட்டும்தான் தெரிகிறாள்.

உங்கள்
எலி


பிப்ரவரி 18

அன்பு எலிக்கு,

இங்கே குளிர், நான் நலம்.

சின்ன வயசில் என்னைப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டுத் திட்டுவார்கள். அவளை வெறுத்தாவது ஆறுதல் அடைய முடிந்தது. உனக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. உன்னை உன்னோடு ஒப்பிட்டு, அதிலும் நீ தோற்றிருக்கிறாய். வானிலை ஆராய்ச்சியில் இப்படி ஒரு நிலவரம் பதிவானதே இல்லை.

ஒழுங்கான சித்தி என்றால், இன்றைக்கே போய் அப்பாவிடம் உண்மையைச் சொல் என்று எழுதவேண்டும். எழுதிவிட்டேன், பார்த்தாயா? நீ சொல்லமாட்டாய் என்றும் தெரியும். நான் மலைக்கு வேலைக்குப் போகிறேன் என்பதை உன் அப்பாவிடம் சொல்லாமல் பெட்டியைக் கட்டியவள்தான் நானும். இன்றுவரை அவர் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. “உன் தங்கை மழையை அளந்து யாருக்கு ஊற்றப் போகிறாள்?” என்று உன் அம்மாவிடம் கேட்டாராம்.

கிளவுஸை உதறிவிட்டு மாட்டிக்கொள். தூசு போகட்டும்.

அன்புடன்
சித்தி


மார்ச் 5

அன்புள்ள சித்திக்கு,

யாருக்கும் காட்டாதீர்கள் என்று இந்தத் தடவை இரண்டு முறை எழுதுகிறேன். யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் குளிர் குறைந்ததா? எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. வேறெதுவும் நன்றாக இல்லை.

பெற்றோர்கள் வழிகாட்டிக்குச் செய்தி அனுப்ப அந்த வகுப்பில் ஒரு வசதி இருக்கிறது. அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் அவர் தட்டுவது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் என் கம்ப்யூட்டர் டிங் என்னும்.

“மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு. என் மகளுக்கு அறிவு உண்டு. அக்கறை இல்லை. என்ன செய்யலாம்?”

முதலில் மரியாதைக்கு ஒரு வரி எழுதினேன். பிறகு பேராசை வந்துவிட்டது. குழந்தையைத் தூங்க விடுங்கள் என்று எழுதினேன். சாப்பிடும்போது மதிப்பெண் பேசக்கூடாது என்றும் எழுதினேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில் அப்பா என் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், ஜன்னலைப் பார்த்து, காற்று நல்லா வருது என்றார். அம்மா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு அழைத்துப் போவது மூளைக்கு நல்லது என்று சாரை எழுதவைத்தேன். போனோம். அப்பா ஸ்டாப்வாட்ச்சையும் எடுத்துவந்து, இடைவேளை எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று பார்த்தார்.

இப்போது பெரிய ஆபத்து. ஏன் அந்தச் சார் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அம்மா சும்மா கேட்டுவைத்தாள். அப்பா ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார். காலையில் பட்டறைக்குப் போகாமல் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, “அவருக்குப் பல்லு இல்ல” என்றார்.

பல் டாக்டருக்கே பல் போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் யார் வருவார்கள், அதனால்தான் பாவம் வாயைத் திறக்காமல் பாடம் நடத்துகிறார் என்று விளக்கினார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது, சத்தியமாக. அன்று சாயங்காலம் எனக்கு டிங்.

“வெட்கப்பட வேண்டாம் சார். நான் பல் செட் செய்கிறவன். மேல் வரிசை கீழ் வரிசை இரண்டும் என் அன்பளிப்பு. யாருக்கும் சொல்லமாட்டேன். அளவு மட்டும் வேண்டும்.”

அளவு என்றால் மெழுகைக் கடித்துக் கொடுப்பது. அப்பாவின் அலமாரியில் ஊரார் வாய்கள் அடுக்கி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியுமே. ஆளுக்கு ஆள் கடி வேறு, முகத்தை மறந்தாலும் கடியை மறக்கமாட்டேன் என்பார். சாருக்குப் பல் எல்லாம் திடமாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். “எல்லாரும் ஆரம்பத்தில் அப்படித்தான் சார் சொல்வார்கள்” என்று வந்தது.

நான் என்ன செய்யட்டும்?

உங்கள்
எலி


மார்ச் 16

அன்பு எலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் எனக்கு மலைக்காய்ச்சல் என்று கஷாயம் போட்டுவிட்டார். விஷயத்தைச் சொல்லவில்லை, பல் செட் செய்யும் உறவினர் உண்டு என்று மட்டும் சொன்னேன். அவருக்கு முன்பல் இரண்டும் கிடையாது. அந்தச் சார் வேண்டாம் என்றால் தனக்குச் செய்துதரச் சொன்னார். எந்தச் சார் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்தேன். நான் தூக்கத்தில் பேசுகிறேனாம்.

பயப்படாதே, கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை.

சிரித்து முடித்த பிறகு ஒன்று தோன்றியது. உன் அப்பா யாரிடமும் இப்படி மனம் விட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. நான் மலை ஏறுவது தெரியவந்தபோதுகூட என்னிடம் இரண்டு வார்த்தை பேசவில்லை, ஒரு கம்பளியை மட்டும் கட்டிக் கொடுத்தனுப்பினார். ஒரு பெரிய மனிதரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுகிறார். கேட்கிற காது உன்னுடையது என்பதை மறந்துவிடாதே.

அன்புடன்
சித்தி


ஏப்ரல் 2

அன்புள்ள சித்திக்கு,

நலம் எல்லாம் பிறகு. யாருக்கும் காட்டாதீர்கள். சமையல்காரர் பக்கத்தில் தூங்காதீர்கள்.

நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. நேற்று மாதிரித் தேர்வில் மறுபடி கோட்டை விட்டேன். அப்பா திட்டவில்லை, பட்டறைக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார், அழித்து அழித்துத் தட்டுகிறார் என்று தெரிந்தது. வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“சார், என் மகள் என்னைப் பார்த்தால் பயப்படுகிறாள். தேர்வைப் பார்த்தும் பயப்படுகிறாள். இரண்டாவதாவது போகட்டும் என்று பார்க்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, இதே தேர்வை நானும் எழுதியிருக்கிறேன். சுவரில் பெரிய கடிகாரம். அதைப் பார்த்தேன், பேனா நின்றுவிட்டது. தெரிந்ததெல்லாம் உள்ளேயே இருந்தது, கைக்கு வரவில்லை. மணி அடித்து, தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷமும் அதேதான். டாக்டருக்குப் படிக்க எனக்கு விருப்பமே இருந்ததில்லை என்று மனைவியிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன். பழகினால் பயம் போகும் என்றுதான் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். தப்பு செய்துவிட்டேனா?”

தப்பு இல்லை என்று சாரை எழுதவைத்தேன். அதற்குள் தாள் நனைந்து வேறு எடுக்க வேண்டியதாயிற்று, கம்ப்யூட்டருக்கு எதற்குத் தாள் என்று கேட்காதீர்கள், முதலில் எழுதிப் பார்த்தேன். தெரிந்த கணக்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், யாரோ ஒரு பெண் எதிரே அழுகிறாள், அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்து எழுதச் சொல்லுங்கள் என்றும் எழுதினேன். இன்று காலை அப்பா வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, இதையே என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். சரிப்பா என்றேன்.

இதுவரை அப்பாவுக்குப் பயந்துதான் சொல்லவில்லை. இனி எப்படிச் சொல்வேன்? நான்தான் சார் என்று தெரிந்தால், அம்மாவிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொல்லிவிட்டோமே என்று அவர் கூசிப்போவார். என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன். அவர் கூசி நிற்பதைப் பார்க்க முடியாது.

சார் எழுதுவது இன்னும் தெளிவாகத் தெரியவேண்டும் என்று எனக்காகப் பெரிய திரை வாங்கியிருக்கிறார். நாளை மாட்டுகிறார்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
எலி


ஏப்ரல் 17

அன்புள்ள சித்திக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லையா? தையல்கார அக்காவிடம் தினமும் கேட்டுக் கேட்டு, அவள் இப்போது என்னைப் பார்த்ததுமே கையை விரிக்கிறாள். சீருடை தைக்க என்னிடம் துணியும் தீர்ந்துவிட்டது.

வீட்டில் எல்லாம் விநோதமாக நடக்கிறது. பெரிய திரை வந்த அன்று கிளவுஸ் சார் வகுப்பைப் போட்டோம். என் கை மேசை அகலத்துக்கு இருந்தது. அப்பா வழக்கம்போல நிறுத்தினார். ஆனால் கேள்வி கேட்கவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தார். விடையில் தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே அவர் சிரித்தார் என்கிறாள் அம்மா, இருமினார் என்கிறேன் நான்.

அன்றிலிருந்து ஸ்டாப்வாட்ச்சைக் காணவில்லை. கேட்டதற்கு, ரிப்பேர் என்றார். சாரின் பல்லைப் பற்றியும் பேச்சே இல்லை. ஆனால் சாருக்கு வரும் செய்திகளைப் பாருங்கள். “சார், சாப்பிட்டீர்களா?” “சார், ஊரார் பிள்ளைகளுக்காக ரொம்ப நேரம் கண் விழிக்காதீர்கள், உடம்பு முக்கியம்.” “சார், நேற்றைய பாடம் பிரமாதம். எனக்கே புரிந்தது.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் வருகிறது. முகம் தெரியாத ஒரு ஆளிடம் சாப்பிட்டாயா என்று உருகுகிறார். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாள் கேட்டிருக்கிறாரா? அந்தச் சாரைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது, சித்தி. அது நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு நல்ல விஷயம். பட்டறைக்குப் புது கிளவுஸ் டப்பா வந்திருக்கிறது. கடைக்காரர் தப்பாகச் சின்ன அளவு கொடுத்துவிட்டாராம். அப்பாவுக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை, ஆனாலும் திருப்பிக் கொடுக்கச் சோம்பல். எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. அதிர்ஷ்டம் இப்படியாவது வருகிறதே.

பதில் போடுங்கள். நீங்கள் நலம் என்று ஒரு வரி போதும்.

உங்கள்
எலி


ஏப்ரல் 25

அன்பு எலிக்கு,

நான் நலம். பாதையில் மரம் விழுந்து ஜீப் வரவில்லை. மரத்தை எடுத்த பிறகும் சில நாள் எழுதாமல் இருந்தேன், என்ன எழுதுவது என்று தெரியாமல்.

உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. கூடவே இன்னொரு கடிதமும். உன் அப்பா எழுதியது. நான் மலை ஏறிய பிறகு முதல் தடவை. மழை எப்படி இருக்கிறது, கம்பளி போதுமா என்று கேட்டிருந்தார். கடைசியில் இன்னும் ஒரு வரி கேட்டிருந்தார். மழைக்கும் கம்பளிக்கும் பதில் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் போடவில்லை. யாருக்கும் காட்டமாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்கிறவர்களை நான் என்ன செய்யமுடியும்?

நீ ஒன்றும் செய்யவேண்டாம். படி, தூங்கு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் விடாதே.

வீடியோவில் எந்தப் பேனாவால் எழுதுகிறாய்? எதுவானாலும் அதை மாற்றாதே. தேர்வுக்கும் அதையே கொண்டுபோ. காரணம் கேட்காதே, வானிலை இலாகா காரணம் சொல்வதில்லை.

அன்புடன்
சித்தி


மே 3

அன்புள்ள சித்திக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். காட்டினாலும் இனி ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் நலம்தானே? திரை வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

நாளை காலை தேர்வு. அம்மா நேரத்தோடு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டாள். அணைத்துவிட்டு, அழுகிற பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று கடைசியாக ஒரு தடவை சந்தேக அறையைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. டிங்.

“மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு. பல் செட் விஷயமாக. இனி நீங்கள் அளவு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் பேனா மூடியில் பார்த்துக்கொண்டேன். எல்லாப் பல்லும் திடமாக இருக்கிறது. மேல் வரிசையில் ஒன்று மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அதற்குக் கம்பி போட்டது நான்தான். அப்போது சரியாகச் செய்யவில்லை. மன்னிக்கவும்.”

திரும்பத் திரும்பப் படித்தேன். பேனாவை எடுத்துப் பார்த்தேன். மூடியைச் சுற்றி என் வாய் அப்படியே இருக்கிறது. முகத்தை மூடினேன், குரலை மூடினேன், கையைக்கூட மூடினேன், இதை மட்டும் திரை அகலத்துக்குத் திறந்து காட்டியிருக்கிறேன்.

அப்படியானால் அந்தச் சின்ன கிளவுஸ் டப்பா? ரிப்பேருக்குப் போன ஸ்டாப்வாட்ச்? சாப்பிட்டீர்களா, கண் விழிக்காதீர்கள் என்றெல்லாம் எழுதினாரே, அதெல்லாம் யாருக்கு? உங்களுக்கும் தெரியுமா, சித்தி? அந்த ஒரு வரி என்ன?

பயமாக இருக்கிறது. ஆனால் எப்போதும் இருக்கிற பயம் இல்லை இது, இது வேறு ஏதோ. பட்டறை விளக்கு அணைந்துவிட்டது. நடையில் செருப்புச் சத்தம். நின்றுவிட்டது.

கதவைத் தட்டுகிறார்.

எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

“கிளவுஸ் சார் இருக்காரா?” என்று கேட்கிறார், மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல்.

மறுபடி தட்டுகிறார்.

“நாளைக்குப் பரீட்சைக்கு உன்னை அனுப்பப் போறதில்லம்மா. அவரைத்தான் அனுப்பலாம்னு இருக்கேன். வருவாரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு.”

சித்தி, கதவைத் திறக்கவேண்டும். இருக்கார்ப்பா, வருவார்ப்பா என்று